மறைவொற்றும் மனச்சான்றும்

திருக்குறளின் 59 ஆம் அதிகாரமாகிய ஒற்றாடலைப் பாடஞ் சொல்லுங்கால், வெள்ளவத்தையிலே மாணாக்கனொருவன் எம்மை வினாவினான்: “அரசன் ஒற்றரால் எல்லாம் அறிதல் வேண்டுமென்று நாயனார் சொல்லியிருக்க, அரசின் ஒற்றை வெளிப்படுத்திய ஸ்நோடன் குற்றவாளி அல்லரோ, ஐயா?” அன்று யாம் விடை கூறாது, மணியடித்ததைத் துணைக்கொண்டேம். உங்கள் வகுப்புக்களிலும் இவ்வினா எழக்கூடுமாதலின், பின்னர் எண்ணியதை ஈண்டு எழுதுகின்றேம்.

எட்வேர்ட் ஸ்நோடன் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவரகத்துக்கு ஒப்பந்தப் பணி செய்தவர். 2013 யூன் மாதத்தில், தமது 29 ஆம் வயதிலே, அவர் பத்திரிகையாளரிடம் ஒப்புவித்த ஆவணங்களால், குற்றஞ் சாற்றப்படாத கோடிக்கணக்கான மக்கள் எவரோடு எப்பொழுது எவ்வளவு நேரம் தொலைபேசியிற் பேசினரென்னுங் குறிப்புக்களை அவ்வரசு நாடோறுந் திரட்டி வந்தமை வெளியாயிற்று. அதற்கு ஆணை தந்த நீதிமன்றமும் மறைவில் இருந்ததே. 2015 இல் மேன்முறையீட்டு மன்றமொன்று, அச்செயலுக்குச் சட்டம் இடந்தரவில்லையெனத் தீர்த்தது. அவரோ 1917 ஆம் ஆண்டின் உளவுச் சட்டத்தின்கீழ்க் குற்றஞ் சாற்றப்பட்டு, உருசியாவிலே தங்க நேர்ந்தது.

நாயனார் ஒற்றினை விலக்கினாரல்லர்; அதனை மறைத்துப் பேசுதல் ஆசிரியர்க்கு அழகன்று. ஆயின் அவரே 45 ஆம் அதிகாரத்தில், வேந்தனை இடித்துரைக்கும் பெரியாரையும் வேண்டினர். ஒற்றும் இடிப்பும் ஒருங்கே நிற்றல் வேண்டும். இடித்துரைத்தற்குரியார் அறியாவண்ணம் குடிகள் அனைவர்மேலும் ஒற்று நடக்குமாயின், அறிந்தான் ஒருவன் வாய்திறவாது வேறு யாவர் இடிப்பார்?

வாக்குக் கொடுத்தவன் அதனை மீறலாமோ என்பர். ஆம், அது சிறிதன்று. அவர் கவர்ந்தவற்றுட் பெரும்பாலன குடிகளின் அந்தரங்கத்தைச் சாராதன என்று 2016 இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் குழுவொன்று கூறிற்று. அஃது உண்மையாயின் அப்பகுதிக்கு யாம் வழக்காட வரேம். குடிகளைப் பற்றிய பகுதியிலோ எமக்கு ஐயமில்லை.

யாம் இளமையிற் பயின்ற விடுதியொன்றிலே பிள்ளைகளின் கடிதங்கள் இரகசியமாகப் பிரிக்கப்பட்டன. அங்கிருந்த பணியாளர் ஒருவர் அதனை எமக்குச் சொன்னார், சொன்னதற்காக வேலையிழந்தார். அவர் தம் பெட்டியோடு படலையைக் கடந்தபோது யாம் வகுப்பில் இருந்தேம், ஒருவரும் எழுந்திலேம். வாக்கின் பெருமையைப் பற்றி அன்று நன்றாகவே கேட்டறிந்திருந்தேம்.

ஹொங்கொங்கிலே ஸ்நோடனை ஏறக்குறைய இரண்டு வாரம் தம் சிறு வீடுகளில் மறைத்தவர்கள் ஏதிலிகள். அவருட் சிலர் நம் இலங்கையர். அடைக்கல விண்ணப்பம் முடிவாகாது தாமே அஞ்சி வாழ்ந்தவர்கள் அவர்கள். 2016 இல் இச்செய்தி வெளியாயிற்று. 2017 இல் ஹொங்கொங் அரசு அவர்தம் கோரிக்கையை மறுத்தது. இலங்கைக் குடும்பமொன்று 2021 இலேதான் கனடாவை அடைந்தது. ஸ்நோடனைப் புகழ்வார் இவர்களை நினைப்பதில்லை.

நம் நாட்டில், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் தன் 40 ஆம் பிரிவிலே, தகவல் வெளியிட்ட அரச ஊழியரைத் தண்டித்தலாகாது என்கின்றது. ஆனால் அக்காப்பு, அச்சட்டப்படி கேட்டார்க்குக் கொடுக்கத்தக்க தகவலுக்கே உரியது. நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு செய்வன விலக்கப்பட்டுள்ளன. பொதுநன்மை மிகுமாயின் அவ்விலக்கு நில்லாது. மிகுமோ மிகாதோ என்பதைச் சொல்லப்புகும் ஊழியன் முன்னரே எவ்வாறு துணிவான்? அவன் தன் பிழைப்பைப் பணயம் வைத்தே பேசல் வேண்டும்.

அடுத்த வாரம் 45 ஆம் அதிகாரத்தைப் பாடமாக வைத்திருக்கின்றேம். அம்மாணாக்கன் மீண்டும் வினாவுவான். இம்முறை மணியடிப்பினும் இருந்து விடை கூறக் கருதியுள்ளேம்.