ஒரு மணி நேரக் கணக்கு

சிந்தாதிரிப்பேட்டை மே தின பூங்காவில் ஒரு அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தேன். மீன் மார்க்கெட்டில் பெட்டி இறக்குபவர். "இந்த வாரம் வேலையே இல்ல தம்பி. செவ்வாக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் லோடு எறக்குனேன்" என்றார்.

2017 முதல் அரசு நடத்தும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் வார அளவீடு ஒன்று உண்டு. கடந்த ஏழு நாளில் ஏதோ ஒரு நாள் ஒரு மணி நேரம் உழைத்திருந்தால் போதும், அவர் வேலையில் இருப்பவர். குடும்பக் கடையில் சம்பளமில்லாமல் வேலை பார்ப்பவரும் அப்படியே. வேலை தேடாமலும், வேலைக்குத் தயார் என்று சொல்லாமலும் இருப்பவரோ வேலையற்றோர் கணக்கிலேயே வரமாட்டார்.

இதில் மோசடி ஏதுமில்லை. உலகத் தொழிலாளர் அமைப்பின் வரையறையும் ஒரு மணி நேரம்தான். ஆனால் வேலை போனால் உதவித்தொகை வரும் நாட்டில் ஒருவர் நல்ல வேலைக்காகக் காத்திருக்கலாம். இங்கே யாரால் காத்திருக்க முடியும்? அப்பா சோறு போடும் பட்டதாரியால் முடியும். படித்தவர்களிடம் இந்த விகிதம் அதிகமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வேலையில்லாமல் இருக்கவும் வசதி வேண்டியிருக்கிறது.

அதனால் விகிதம் குறைந்தது என்று செய்தி வந்தால் எனக்குச் சந்தேகம்தான்: வேலை கிடைத்ததா, காத்திருக்க முடியாமல் போனதா?

கணக்குப்படி உங்களுக்கு வேலை இருக்கு என்று அண்ணனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.