விருந்தினர் அமர்ந்த நாற்காலி

வீட்டிற்கு வந்த விருந்தினர் உட்கார்ந்ததும் நாற்காலி முறிந்து விழுந்தால் அதற்கு மார்க்கச் சட்டம் என்ன என்று கேட்டால் பலருக்குச் சிரிப்பு வரும். தொழுகை, நோன்பு, ஜகாத் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எத்தனையோ மஸ்அலாக்கள் இருக்க, நாற்காலிக்கும் ஒரு மஸ்அலாவா என்பார்கள். இருக்கத்தான் செய்கிறது. அதைவிட முக்கியமாக, அந்தச் சிரிப்பைப் பற்றியும் மார்க்கத்தில் பேச்சு இருக்கிறது.

நம் பாட்டன்மார் காலத்தில் இந்தச் சங்கடம் குறைவு. சேலம், நாமக்கல் பக்கத்து வீடுகளில் விருந்தினர் வந்தால் கோரைப்பாயோ பவானி ஜமக்காளமோ விரிப்பார்கள். தஸ்தர்கானைச் சுற்றி ஏழையும் பணக்காரரும் தரையில் அமர்வார்கள். தரை எவரையும் தாங்கும். இன்று முழங்கால் வலியால் கீழே உட்கார முடியாதவர்கள் பெருகிவிட்டார்கள். பள்ளிவாசல் ஸஃபின் ஓரத்திலேயே நாற்காலிகள் வந்துவிட்டன. வீடுகளிலோ எங்கு பார்த்தாலும் பிளாஸ்டிக் நாற்காலி. விலை குறைவு, தூக்க எளிது, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மூலையில் வைக்கலாம். நாற்காலி இலேசாகிக்கொண்டே வர, நம் உடம்பு கனத்துக்கொண்டே வருகிறது. 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 40 பேர் உயரத்திற்கு மிஞ்சிய எடை உள்ளவர்கள்; ஆண்களில் 37 பேர். ஆகவே இது ஊரில் யாரோ ஒருவருடைய விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. நம் வீட்டிலும் ஒருவர் இருப்பார்.

நடப்பது பெரும்பாலும் இப்படித்தான். அகீகாவுக்கு அழைத்த வீடு. பெண்கள் கூடியிருக்கிறார்கள். மாமி ஒருவர் வருகிறார். "நான் நின்னுக்கிறேம்மா, இப்பத்தானே வந்தேன்" என்கிறார். உண்மையில் அவர் நாற்காலியின் கால்களைப் பார்த்துவிட்டார். கனத்த உடம்புக்காரர்கள் உட்காருமுன் நாற்காலியை ஒரு பார்வை பார்ப்பார்கள். நாம்தாம் அதைக் கவனிப்பதில்லை. வீட்டுக்காரப் பெண்மணி அன்பினால் வற்புறுத்துகிறார், தோளைப் பிடித்து உட்கார வைக்கிறார். வழவழப்பான டைல்ஸ் தரையில் பின்கால் இரண்டும் விலகிப் பிளக்கின்றன. மாமி தரையில். முதலில் ஒரு சிரிப்பு எழுகிறது. பிறகு, "போன மாசம்தான் வாங்கினது" என்று ஒரு குரல். இதற்குள் பையன் ஒருவன் கைப்பேசியில் அதைப் பிடித்துவிட்டான். இரவுக்குள் அது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றி வருகிறது. அடுத்த பெருநாளைக்கு மாமி வரவில்லை. முழங்கால் வலி என்று சொல்லி அனுப்புகிறார். அதற்கடுத்த நிக்காஹுக்கும் வரவில்லை. இரத்த உறவைச் சேர்ந்து வாழும்படி திருமறை வலியுறுத்தும் ஸிலத்துர் ரஹிம், சில நூறு ரூபாய் நாற்காலியினால் அந்த வீட்டில் அறுந்துபோகிறது.

இதே போன்ற சம்பவம் ஒன்று ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. மினாவில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தங்கியிருந்தபோது குறைஷி வாலிபர்கள் சிலர் சிரித்துக்கொண்டே அவர்களிடம் வந்தார்கள். ஏன் சிரிக்கிறீர்கள் என்று அன்னையவர்கள் கேட்டார்கள். கூடாரக் கயிறு தடுக்கி ஒருவர் விழுந்துவிட்டார், கழுத்தோ கண்ணோ போயிருக்கும் என்றார்கள். சிரிக்காதீர்கள் என்று அன்னையவர்கள் தடுத்தார்கள். ஒரு முஸ்லிமுக்கு முள் குத்தினாலும், அதைவிடப் பெரிய துன்பம் நேர்ந்தாலும், அதற்காக அவருக்கு ஓர் அந்தஸ்து எழுதப்படுகிறது, ஒரு பாவம் அழிக்கப்படுகிறது என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லத் தாம் கேட்டிருப்பதாக எடுத்துரைத்தார்கள்.

இங்கே நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்த வாலிபர்கள் கெட்டவர்கள் அல்லர். விழுந்தவருக்கு அடி பலமாகப் பட்டிருக்கலாம் என்று அவர்களுக்கே தெரியும். அதையும் சொல்லிக்கொண்டே சிரிக்கிறார்கள். ஒருவர் தடுக்கி விழுவதைக் கண்டால் சிரிப்பு தானாக வருகிறது என்பது உண்மைதான். தானாக வந்ததை அடக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதையே அன்னையவர்கள் போதிக்கிறார்கள். அவர்களே நாயகம் (ஸல்) அவர்களிடம் அந்தப் பாடத்தைக் கற்றவர்கள். அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்கள் குள்ளமானவர் என்ற பொருளில் ஆயிஷா (ரலி) அவர்கள் ஒருமுறை ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்கள். கடல் நீரில் கலந்தால் அந்த நீரையே கெடுத்துவிடும் வார்த்தை அது என்று நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். இதை அபூதாவூதிலும் திர்மிதியிலும் காணலாம். அறிவிப்பவரும் ஆயிஷா (ரலி) அவர்களேதாம். தம்மைக் கண்டித்த செய்தியைத் தாமே உம்மத்துக்குச் சொல்லிச் சென்றார்கள். உயரமாகட்டும், பருமனாகட்டும், ஒருவர் உடம்பைப் பற்றி அவர் இல்லாதபோது பேசும் பேச்சு புறம் பேசுதலே என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை. கைப்பேசியில் பிடித்த படத்தை அனுப்புகிறவர் வாயால் ஒன்றும் பேசவில்லைதான். ஆனால் வாய்ப்பேச்சைக் கேட்டவர்கள் பத்துப் பேர் என்றால் இதைப் பார்க்கிறவர்கள் நூறு பேர். அந்தப் பையனிடமிருந்து கைப்பேசியை வாங்கிப் படத்தை அழித்துவிடுவதுதான் வீட்டுப் பெரியவரின் முதல் வேலை. நாற்காலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இனிச் சட்டத்திற்கு வருவோம். நம் பகுதி முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஹனஃபிகள். ஹனஃபி ஃபிக்ஹு கித்தாபுகளில் இந்த மஸ்அலா நேராகவே வருகிறது. ஒருவர் ஒரு கூட்டத்தாரைத் தம் வீட்டிற்கு அழைத்தார். அவர்கள் நடந்ததில் அவருடைய விரிப்புக் கிழிந்தது, அல்லது திண்டின்மேல் அமர்ந்ததில் திண்டு கிழிந்தது. ஈடு கொடுக்க வேண்டியதில்லை. விருந்தினர் வாளை அணிந்தபடி வந்து அமர்ந்து, அந்த வாள் பட்டு விரிப்புக் கிழிந்தாலும் அப்படியே. ஆனால் அங்கிருந்த பாத்திரத்தை மிதித்து நசுக்கினாலோ, விரிப்பதற்கென்று அல்லாத துணியை மிதித்துக் கெடுத்தாலோ ஈடு கொடுத்தாக வேண்டும். காரணம் எளிது. உட்காரச் சொன்னவர், உட்காருவதால் வரக்கூடியதற்கும் சேர்த்தே அனுமதி கொடுத்துவிட்டார். எந்தப் பொருள் எதற்காக வைக்கப்பட்டதோ அதற்காக வழக்கப்படி அதைப் பயன்படுத்தியவர்மீது குற்றமில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் இரவல் பொருளின் பொறுப்பு இன்னும் கடுமையானது. என்றாலும் அனுமதிக்கப்பட்ட உபயோகத்தினாலேயே கெட்டுப்போனதற்கு அங்கும் ஈடு கேட்பதில்லை.

இந்தச் சட்டத்தில் விருந்தினரின் எடையை யாரும் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மெலிந்தவர் அமர்ந்தால் ஒரு தீர்ப்பு, பருத்தவர் அமர்ந்தால் ஒரு தீர்ப்பு என்று இமாம்கள் பிரிக்கவில்லை. உடம்பு அத்துமீறல் ஆகாது. அத்துமீறல் வேறு. டீப்பாயின்மேல் உட்காருவது, நாற்காலிக் கைப்பிடியில் சாய்ந்து அமருவது, நம் பிள்ளைகள் பிறர் வீட்டுக் கட்டிலில் ஏறிக் குதிப்பதைப் பார்த்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பது, இவையெல்லாம் அந்தப் பொருள்கள் வைக்கப்பட்டதற்கு மாறான உபயோகங்கள். மெலிந்த விருந்தினராக இருந்தாலும் அவற்றுக்குப் பொறுப்பு உண்டு. வேறு விதமாகவும் பார்க்கலாம். கால் விரிசல் கண்ட நாற்காலி என்று தெரிந்தே அதை விருந்தினருக்கு எடுத்துப் போட்டவர் யார்மீது குறை சொல்ல முடியும்? பிளாஸ்டிக் நாற்காலி வெயிலில் கிடந்தால் நாளடைவில் அதன் உறுதி போய், நொறுங்கும் பக்குவத்திற்கு வந்துவிடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் இரண்டு கோடை கிடந்த நாற்காலி பார்வைக்கு நிறம் மட்டும் மங்கியிருக்கும். அது முறிவதற்கு மாமியின் எடை கடைசிக் காரணம்தான்; முதற்காரணம் மொட்டை மாடியில் இருக்கிறது.

சட்டம் ஈடு இல்லை என்று சொன்னதால் விருந்தினர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விடலாமா? அது அழகல்ல. ஹுனைன் போருக்குமுன் நாயகம் (ஸல்) அவர்கள் ஸஃப்வான் பின் உமைய்யாவிடம் கவசங்களை இரவலாக வாங்கினார்கள். ஸஃப்வான் அப்போது இஸ்லாத்திற்கு வரவில்லை. போருக்குப்பின் சில கவசங்களைக் காணவில்லை. ஈடு தரட்டுமா என்று நாயகம் அவர்கள் தாமாகவே கேட்டார்கள். அதற்குள் ஸஃப்வானின் உள்ளம் மாறியிருந்தது, வேண்டாம் என்றார். இரவலின் சட்டம் வேறு, விருந்தின் சட்டம் வேறு என்பது சரி. ஆனால் கேட்ட முறையும் மறுத்த முறையும் நமக்கு உதவும். ஒருவர் கேட்கிறார், மற்றவர் மறுக்கிறார். இருவருக்கும் கண்ணியம் நிற்கிறது. விருந்தினர் ஒரு தடவை கேட்கட்டும். வசதியுள்ள வீட்டுக்காரர் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்று முடிக்கட்டும். மூன்று தடவை கேட்பதும் மூன்று தடவை மறுப்பதும் விழுந்த சம்பவத்தை மூன்று தடவை கூட்டத்தின் நடுவே எடுத்து வைப்பதாகும்.

வசதியில்லாத வீடு என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கொலுசுப் பட்டறைக் கூலியில் ஓடும் குடும்பத்தில் நான்கு நாற்காலிகளில் ஒன்று போவது கஷ்டந்தான். சில சமயம் அது அவர்களுடையதாகக்கூட இருக்காது. விருந்தினர் வருகிறார் என்று அடுத்த வீட்டிலிருந்து வாங்கிப் போட்டிருப்பார்கள். அங்கே வீட்டுக்காரர் வாயால் வேண்டாம் என்றுதான் சொல்வார். விருந்தினர் அதைக் கேட்டு நிம்மதியாகிவிடாமல், பத்து நாள் கழித்துப் பிள்ளைகள் பேருக்கு ஹதியாவாக ஒரு நாற்காலி வாங்கி அனுப்பினால் யாருக்கும் குறைவில்லை. வீட்டுக்காரரும் அதை வெட்கப்படாமல் வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொரு கேள்வி. விருந்தினர் மனம் நோகக்கூடாதென்று, "அது ஏற்கெனவே உடைஞ்ச நாற்காலிதான்" என்று சொல்கிறோமே, அது பொய்யல்லவா? மனிதர்களிடையே சமாதானம் செய்து வைக்க நல்லதைக் கூட்டிச் சொல்பவர் பொய்யராகமாட்டார் என்ற கருத்தில் ஹதீது இருக்கிறது. ஆனால் அந்தச் சலுகையை இங்கே செலவழிக்க வேண்டிய தேவை நமக்குத் தெரியவில்லை. பழைய நாற்காலி என்றால் பழையது என்று சொல்வது உண்மைதான். புதியது என்றால், "அடி படலையே, அது போதும்" என்று சொல்லலாம், அதுவும் உண்மைதான். மேலும் பெரியவர்களுக்குப் பொய் ஆறுதல் உடனே தெரிந்துவிடும். அது அவர்களை இன்னும் சுருங்கச் செய்யும்.

விழுந்தவரைக் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துத் தூக்குவதும் தவறு. கனத்த உடம்பை அப்படித் தூக்கினால் தோள் மூட்டு விலகக்கூடும். இடுப்பிலோ தொடையிலோ வலி இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். இருந்தால் அசைக்காமல் வைத்தியருக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். இல்லையென்றால் அவரே திரும்பி மண்டியிட்டு எழ, திடமான பெஞ்சு ஒன்றை முன்னே நகர்த்தினால் போதும். பெண்கள் பகுதியில் நடந்தால் ஆண்கள் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

இதெல்லாம் நடக்காமலே பார்த்துக்கொள்ள வழியிருக்கிறது. அன்னை ஸவ்தா (ரலி) அவர்கள் கனத்த உடம்பும் மெதுவான நடையும் உள்ளவர்கள். ஹஜ்ஜின்போது முஸ்தலிஃபாவில், ஜனநெரிசலுக்கு முன்னதாக இரவிலேயே புறப்பட்டுவிடத் தமக்கு அனுமதி வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். அனுமதி கிடைத்தது. தாமும் அப்படிக் கேட்டிருக்கலாமே என்று ஆயிஷா (ரலி) அவர்கள் பின்னாளில் சொன்னதாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. உடல் கனத்தவர் தம் தேவையைத் தாமே சொல்ல முடிந்தது. கேட்டவருக்கு ஏன் எதற்கு என்ற விசாரணை இல்லை. இபாதத்திலேயே இந்த இடம் கொடுக்கப்பட்டிருக்கும்போது, நம் வீட்டுக் கூடத்தில் "நான் கட்டில்லயே உக்காந்துக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், "அட, இங்க வந்து உக்காருங்க" என்று ஏன் இழுக்க வேண்டும்?

நாமக்கல், திருச்செங்கோட்டில் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆங்கிள் இரும்பு வைத்துக் கைப்பிடியில்லாத ஒரு பெஞ்சு அடித்துத் தரச் சொன்னால் தலைமுறைக்கும் கிடக்கும். அதைக் கூடத்தில் எல்லோரும் உட்காரும் இடத்திலேயே போட வேண்டும். ஓரமாகத் தனியாகப் போட்டு, "உங்களுக்காகத்தான் இது" என்று காட்டினால் வாங்கியதன் பயனே போய்விடும். வீட்டுக்காரர் தாமே முதலில் அதில் உட்கார்ந்து பக்கத்தில் இடம் காட்டினால் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றாது. நாயகம் (ஸல்) அவர்கள் தம்மைக் காண வந்த அதீ பின் ஹாத்திமுக்கு வீட்டிலிருந்த தலையணையை எடுத்துப் போட்டுவிட்டுத் தாம் தரையில் அமர்ந்ததாக ஸீரா நூல்கள் சொல்கின்றன. வீட்டில் உறுதியானது எதுவோ அது வந்தவருக்கு.

நிக்காஹ் மண்டபங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே போடப்படுவது வாடகை நாற்காலி, கைப்பிடி குறுகலானது. அதில் அடங்காமல் வலீமா முடியும்வரை சுவரோரமாக நின்றுவிட்டுப் போகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஜமாஅத் மண்டபங்களில் ஆண்கள் பகுதியில் நான்கு, பெண்கள் பகுதியில் நான்கு என்று மரப் பெஞ்சுகள் போட்டுவைத்தால் செலவு பெரிதல்ல. வாடகை நாற்காலி உடைந்தால், எடுத்தவர்தாம் சாமியானாக் கடைக்குக் கணக்குத் தீர்க்க வேண்டும்; விருந்தினரிடம் அந்தப் பேச்சே போகக்கூடாது. மறுநாள் காலையில் கடைக்காரர் எண்ணிப் பார்த்து இரண்டு உடைசல் என்பார். யார் உட்கார்ந்து உடைந்தது என்று அவர் கேட்பதில்லை.