கூட்டைச் சாத்தியது யார்?

ஆயக்குடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொய்யாத் தோப்பு. அதற்கும் பின்னால் பழனி மலை. போன ஆடியில் ஓர் இரவு, கோழிக்கூட்டில் ஓடு உடைந்திருந்த இடம் வழியாக மரநாய் இறங்கிவிட்டது. விடிந்து பார்த்தால் ஆறு கோழிகள் செத்துக் கிடந்தன. தின்றது ஒன்றைத்தான். 21 நாள் அடைகாத்து அப்போதுதான் குஞ்சு பொரித்திருந்த கருப்பியும் போய்விட்டது.

வந்து பார்த்த சித்தப்பா முதலில் கேட்டது: "மதினி, ராத்திரி கூட்டை ஒழுங்கா சாத்துனீங்களா?"

ஓடு மாற்றித் தரச்சொல்லி அம்மா மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தது யார் நினைவுக்கும் வரவில்லை. முட்டை விற்ற காசு அம்மாவின் சிறுவாடு. நான் கல்லூரிக்குக் கட்டிய பணத்தில் ஒரு பங்கு அதிலிருந்து வந்தது. இழப்பும் அவளுக்கு, பழியும் அவளுக்கு.

முட்டைக்குள் விஷம் வைத்துவிடலாம் என்றார் சித்தப்பா. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அது பசிக்கு வந்துச்சு. இது என் கோழின்னு அதுக்குத் தெரியுமா?" மரநாயைக் கொல்வது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது அம்மாவுக்குத் தெரியாது. நல்லது கெட்டது அறியாத உயிரைத் தண்டிப்பதில் நியாயமில்லை என்பது தெரிந்திருந்தது.

பசிக்கு ஒன்று போதுமே, ஏன் ஆறு? அதே 1972இல் விலங்கியலாளர் ஹான்ஸ் குரூக் இப்படிப்பட்ட கொலைகளைப் பற்றி எழுதினார். காட்டில் ஒன்றைப் பிடிப்பதற்குள் மற்றவை ஓடிவிடும். வேட்டை அதோடு முடிந்துவிடும். இரை தப்பி ஓடாத இடத்தில், வயிறு நிறைந்த பிறகும் கொல்லும் தூண்டுதல் அடங்குவதில்லை. கோழிகளைக் காக்கச் சாத்திய கதவுதான் அன்றிரவு அவற்றின் வழியையும் அடைத்தது.

அன்று மாலை என் தங்கை தட்டச்சு வகுப்புக்காகப் பழனிக்குப் பஸ் ஏறக் கிளம்பினாள். சித்தப்பா சொன்னார்: "கோழியையே காப்பாத்த முடியல. பொம்பளப் புள்ளைய இருட்டுற நேரத்துல அனுப்புறீங்க."

இந்த உவமையை நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். பெண் கோழி, ஆண் மரநாய். கேட்கும்போது ஆணைத் திட்டுவது போலத்தான் இருக்கும். ஆனால் மரநாய்க்குப் பொறுப்பு கிடையாது. அதனிடம் பேசிப் புரியவைக்க முடியாது என்பதால்தான் கோழியை அடைக்கிறோம். ஆணையும் மரநாய் என்று சொன்ன நொடியில் அவன் செய்ததற்கு அவனிடம் கேள்வி இல்லை. கேள்வியெல்லாம் கூட்டைச் சாத்தியவளுக்கே.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் சொல்வது என்ன? பாலியல் வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர். உறவினர், அண்டை வீட்டார், குடும்ப நண்பர். நாம் சாத்தும் கதவுக்கு உள்ளேயும் அவர்கள் இருக்கிறார்கள். அங்கே பூட்டு யாரைக் காக்கும்?

பஸ் நிறுத்தத்தில் விளக்கு எரியவில்லை. அதுவும் மாற்றாமல் விட்ட ஓடுதான். விளக்கு போடச்சொல்லி ஊராட்சியைக் கேட்காதவர்கள், தங்கையை வீட்டில் இருக்கச் சொல்கிறார்கள்.

மறுநாள் நானும் அம்மாவும் ஏணி வைத்து ஓட்டை மாற்றினோம். அடியில் கம்பிவலை அடித்தோம். கோழிகளை அம்மா அந்தியில் அடைக்கிறாள். தங்கை அந்தியில் பஸ் ஏறுகிறாள். விளக்குக்காக அம்மா மனு எழுதச் சொல்லியிருக்கிறாள். முதல் கையெழுத்து சித்தப்பாவுடையதாக இருக்கட்டும் என்கிறாள்.