நினைவு யாரைப் பகைவன் என்கின்றது?

மறதியைக் குறையென்றும் நினைவை நிறைவென்றும் எண்ணிப் பழகிவிட்டோம். நம் திருப்பலியே ஆண்டவரின் நினைவாக நிகழ்வதன்றோ? புனித அகுஸ்தினார் தம் வாழ்வை இறைவன் முன் அறிக்கையிட்ட நூலின் பத்தாம் பகுதியில், நினைவாற்றலின் விரிவைக் கண்டு வியந்து நிற்கின்றார். ஆயின், நினைவே நோயாக மாறுவதும் உண்டோ? அண்மையில் ஒரு தாய் எழுப்பிய வினா நம்மை இந்த வழியில் எண்ண வைத்தது.

அவருடைய ஒன்பது வயது மகனுக்கு முதல் வகை நீரிழிவு. நாள்தோறும் இன்சுலின் ஊசி. "சாமி, இது நான் செஞ்ச பாவமா? கேட்டப்போதெல்லாம் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேனே, அதனாலயா?" என்றார். இரண்டும் இல்லை. பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள் இதே வினாவைக் கேட்டனர். அவன் செய்த பாவமும் அன்று, பெற்றோர் செய்த பாவமும் அன்று என ஆண்டவர் மறுத்துவிட்டார். மிட்டாயும் இந்த நோயை உண்டாக்குவதில்லை. உடலைக் காக்க வேண்டிய டி-செல்கள் என்னும் வெள்ளையணுக்கள், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைப் பகையென எண்ணி அழிப்பதே இந்நோய்.

இவ்வணுக்களுள் சில, ஒருமுறை கண்ட பகையை ஆண்டுக்கணக்கில் மறப்பதில்லை. நினைவு அணுக்கள் என்று அவற்றை அழைக்கின்றனர். அவை இல்லையேல் தடுப்பூசியால் பயன் இராது. 1846-ஆம் ஆண்டில் ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது, பீட்டர் பானும் என்னும் இளம் மருத்துவர் அங்குச் சென்றார். 1781-இல் அந்நோயுற்றுப் பிழைத்திருந்த முதியோரை அது மீண்டும் தீண்டவில்லை என்று கண்டார். அறுபத்தைந்து ஆண்டுகள்! மனிதர் மறந்தாலும் உடல் மறக்கவில்லை.

இதே ஆற்றல் திசை மாறினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்க நாட்டின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் கண்டனர். டேவிட் சதர்லாந்தும் அவர்தம் குழுவினரும் 1984-இல் வெளியிட்ட செய்தி அது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருள் ஒருவருக்கு நெடுநாளைய நீரிழிவு, மற்றவருக்கு நோயில்லை. நோயற்றவர் தம் கணையத்தில் ஒரு பகுதியை உடன்பிறப்புக்கு ஈந்தார். இருவர் உடலும் ஒன்றே போன்றதால், அயலான் உறுப்பென உடல் அதனைத் தள்ளவில்லை. கணையம் இயங்கியது, சர்க்கரை சீரானது. ஆனால் சில வாரங்களில் நோய் திரும்பியது. ஆய்ந்து பார்த்தால், பீட்டா செல்கள் மட்டும் தேர்ந்தெடுத்து அழிக்கப்பட்டிருந்தன. அருகிருந்த பிற செல்கள் நலமாக இருந்தன. தன் பீட்டா செல்களை என்றோ இழந்துவிட்ட உடல், பழைய வழக்கை மட்டும் முடித்துவைக்கவில்லை. உடன்பிறப்பு அன்பால் ஈந்த கொடையில் அது பழைய பகைவனையே கண்டது.

இதைப் படித்த நாளில் நம்மால் எளிதாக உறங்க இயலவில்லை. பங்கில் எத்தனை குடும்பங்களை அறிவோம்! பாகப்பிரிவினைச் சண்டையிட்ட தந்தையர் இருவரும் கல்லறையில் இருக்க, பேரன் நீட்டிய திருமண அழைப்பிதழில் பாட்டனின் பகையைக் காண்போர் இல்லையா? "மறந்துவிடு" என்று அவர்களிடம் நாமும் பலமுறை கூறியுள்ளோம். அது சரியான அறிவுரைதானா என்னும் ஐயம் இப்போது எழுகின்றது. நினைவை முற்றும் அழித்துவிட்டால் தட்டம்மையை யார் தடுப்பார்? அநீதியை யார் எதிர்ப்பார்? உடலிலோ, தாக்கும் அணுக்களை அமர்த்தும் காவலணுக்களும் உள்ளன. அவற்றைக் கண்டறிந்த ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோர் 2025-இல் நோபல் பரிசு பெற்றனர். உயிர்த்த ஆண்டவரும் தம் காயங்களை மறைத்துக்கொண்டு வரவில்லை. தம்மைக் கைவிட்டு ஓடியவர்களிடமே அவற்றைக் காட்டினார். காட்டியபடியே அமைதியை வழங்கினார்.

ஆயினும் இங்கே நம்மை நாமே தடுத்துக்கொள்ள வேண்டும். நோயை மறையுரைக்கு உவமையாக்குவதில் ஒரு கொடுமையும் ஒளிந்திருக்கின்றது. அச்சிறுவன் எவரையும் பகைக்கவில்லை. அவனுடைய அணுக்கள் மன்னிக்க மறுத்தன என்று எவரேனும் சொன்னால், சீடர்களின் பழைய வினாவே வேறு உடை உடுத்தி வந்ததாகும். அணுவுக்கு உள்ளம் இல்லை. உள்ளம் உள்ளவர் நாம். 2022-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டெப்லிசுமாப் என்னும் மருந்து, இந்நோய் முழுமையாக வெளிப்படுவதைச் சிலருக்குச் சில ஆண்டுகள் தள்ளிப்போடுகின்றது. அதனை ஆக்கியது அறிவியலாரின் பொறுமை.

அத்தாயிடம் இவ்வளவும் உரைக்கவில்லை. அவர் மனத்தில் இருந்த வேறொரு சுமை பின்னர்தான் வெளிப்பட்டது. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உண்ணலாகாது என்பதால், சர்க்கரை தாழ்ந்து மகன் வியர்த்தபோதும் கோவிலில் ஒன்றும் கொடாதிருந்தாராம். அந்நோன்பு நோயுற்றோரைக் கட்டாது. அந்நேரத்தில் இனிப்புக் கொடுப்பதே கடமை என்று கூறினோம். அடுத்த ஞாயிறு பையனின் சட்டைப்பை குளுக்கோஸ் பொட்டலத்தால் புடைத்திருந்தது. வரிசையில் வந்தபோது அவன் அதைத் தட்டிக் காட்டினான்.