பார்ப்பவன் உரிமை

கூண்டு உண்டு, குற்றம் கிடையாது. காவல் உண்டு, வழக்கு கிடையாது. ஆயுள் தண்டனை உண்டு. தீர்ப்பு எழுதிய நீதிபதி யார் என்பதுதான் தெரியாது. கட்டணம் கொடுத்து உள்ளே நுழைந்து, கடலை கொறித்தபடி கண்டு களித்து, மாலை மயங்குமுன் வீடு திரும்புகிறோமே, அந்த விலங்குக் காட்சிச்சாலையைத்தான் கூறுகிறோம்.

இந்தச் சிந்தனையை நம் உள்ளத்தில் விதைத்தது தத்துவப் பெருநூல் எதுவும் அன்று, ஒரு தாள். மயிலாடியில் நாம் பாடம் சொல்லும் பள்ளியின் ஏழாம் வகுப்பு மாணவர் முப்பத்தெட்டுப் பேரைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்லப் பெற்றோரிடம் ஒப்புதல் கேட்கும் தாள். இடம்: திருவனந்தபுரம் மிருகக்காட்சிச்சாலை. நோக்கம்: கல்வி. ஆசிரியர் கையொப்பமிட வேண்டிய இடத்தில் பேனாவை வைத்த நாம், 'கல்வி' என்ற சொல்லருகே நின்றுவிட்டோம். எதைக் கற்கப் போகிறார்கள்? யாரிடம் கற்கப் போகிறார்கள்?

நம் ஊர் கல்லுளி ஓசையில் கண்விழிக்கும் ஊர். பள்ளிக்குச் செல்லும் வழியிலே சிற்பக்கூடங்கள் உண்டு. அங்கே யாளி பிறக்கிறது, சிங்கம் பிறக்கிறது, யானை பிறக்கிறது. யாளியைக் கூண்டில் கண்டு செதுக்கிய சிற்பி ஒருவரும் இலர். கற்பனைக்குக் கூண்டு தேவைப்படவில்லை. அறிவுக்குத் தேவைப்படுகிறதா என்பதுதான் கேள்வி.

முதலில் நம் கதையையே புரட்டிப் பார்ப்போம். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை நம் நாஞ்சில் நாடு திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அந்த அரசின் தலைநகரில் 1857ஆம் ஆண்டு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஜெனரல் கல்லன் ஊக்கியவர். வானியல் அறிஞர் ஜான் ஆலன் பிரௌன் பொறுப்பேற்று நடத்தியவர். கல்லும் செம்பும் கண்ணாடிப் பேழையும் மட்டும் இருந்தால் கூட்டம் வருமா? வரவில்லை. ஆகவே 1859இல் பூங்காவும் விலங்குச்சாலையும் சேர்ந்தன. சென்னையிலும் இதே கதைதான். அருங்காட்சியகத்தில் உயிருள்ள சிறுத்தையையும் புலிக்குட்டியையும் வைத்தால் மக்கள் திரளுகின்றனர் என்று கண்ட எட்வர்டு பால்ஃபர், 1855இல் அங்கே விலங்குச்சாலை அமைத்தார். ஆர்க்காட்டு நவாபின் விலங்குகளும் அங்கு வந்து சேர்ந்தன. ஆக, கல்விக்காகக் கூண்டு எழவில்லை. கல்விக்கூடத்திற்குக் கூட்டம் சேர்க்கக் கூண்டு எழுந்தது!

1859 என்னும் அந்த ஆண்டை நாஞ்சில் நாட்டார் வேறு காரணத்துக்காகவும் மறக்க மாட்டார்கள். அவ்வாண்டு ஜூலை 26ஆம் நாள், உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா என்னும் அதே மன்னரின் அரசு, நாடார் பெண்கள் மார்பை மறைத்து ஆடை அணியலாம் என்று அறிக்கை வெளியிட்டது. அப்போதும் உயர்சாதிப் பெண்டிரைப்போல் மேலாடை போடக்கூடாது என்ற நிபந்தனையை விடவில்லை. அந்த அரைகுறை அனுமதிக்காகவே முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அடியும் உதையும், தீ வைப்பும் தெருச் சண்டையும்! ஒரு பெண்ணின் உடலைப் பார்க்கும் உரிமை தெருவில் செல்லும் மேல்சாதியானுக்கு உண்டு, மறைக்கும் உரிமை அவளுக்கு இல்லை என்பதுதான் அதற்குமுன் இருந்த நீதி. ஒரே ஆண்டில், ஒரே அரசில், ஒருபுறம் பார்வையின் கொடுமையிலிருந்து ஒரு கூட்டம் பாதி விடுதலை பெற்றது. மறுபுறம் இன்னொரு கூட்டம் பார்வைக்காகவே அடைக்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் முடிச்சுப் போட எந்த மந்திரியும் திட்டமிடவில்லை. ஆனால் இரண்டுக்கும் அடியில் கிடந்த எண்ணம் ஒன்றே: பார்ப்பவன் எசமான், பார்க்கப்படுவது பொருள்.

'மனிதரையும் மிருகத்தையும் ஒன்றாகப் பேசலாமா?' என்று தோழர் சிலர் சினக்கக்கூடும். சினம் நியாயமானதே. ஆனால் அந்த ஒப்புமையைச் செய்தவர் நாம் அல்லர். நாகரிகத்தின் நடுக்கூடம் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட ஐரோப்பியர் செய்தனர். ஹாம்பர்க் நகரத்து விலங்கு வணிகர் கார்ல் ஹாகன்பெக், 1880களில் யானைகளோடு சேர்த்து இலங்கை மக்களையும் கப்பலேற்றிக் கொண்டுபோய் நகரம் நகரமாகக் காட்டினார். பாரிஸ் நகரத்து விலங்குப் பூங்காவில் 1883இல் அவர்களைப் பார்க்கவும் சீட்டு விற்றனர். நம் கடலுக்கு அக்கரையில் வாழ்ந்த மக்கள், தோழர்களே!

அதே 1883இல் ஆஸ்திரேலியாவின் வடகுயின்ஸ்லாந்துத் தீவுகளிலிருந்து ஒன்பது பழங்குடி மக்களைக் கன்னிங்ஹாம் என்ற காட்சி வணிகன் அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றான். அவர்களுள் ஒருவன் தாம்போ. பார்னம் சர்க்கசில் காட்டப்பட்ட அவன், 1884இல் கிளீவ்லாந்து நகரில் நோயுற்று இறந்தான். இறந்தும் விடுதலை இல்லை. பதப்படுத்திய அவன் உடலையும் காட்சிக்கு வைத்தனர். எஞ்சியோர் ஐரோப்பாவுக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். 1885 முடிவதற்குள் பாரிசில் உயிரோடு நின்றவர் மூவர். அம்மூவருள் தாம்போவின் மனைவி இல்லை. தாம்போவின் உடல் அந்த அமெரிக்க நகரத்துப் பிணக்கிடங்கு ஒன்றில் 1993இல்தான் கண்டெடுக்கப்பட்டது. 1994இல் சொந்தத் தீவின் மண்ணில் அடக்கம் செய்யப்பட்டது. நூற்றுப்பத்து ஆண்டுக் காட்சி!

அந்த மக்களின் நாட்டிலிருந்தே கங்காருவும் ஈமுவும் ஐரோப்பாவுக்குப் போயின. பாரிசில் 1860இல் திறக்கப்பட்ட பூங்காவின் பெயர் 'பழக்கப்படுத்தும் தோட்டம்' என்னும் பொருளுடையது. அந்நிய நாட்டு உயிர்களைப் பிரான்சின் தட்பவெப்பத்துக்குப் பழக்கி, இறைச்சிக்கும் இறகுக்கும் பயன்படுத்துவது அதன் குறிக்கோள். வெளியே அறிவியல் பலகை, உள்ளே சமையற்கட்டு. 1870இல் பிரஷ்யப் படை பாரிசை முற்றுகையிட்டபோது அந்தப் பலகையும் விழுந்தது. அவ்வாண்டு டிசம்பர் 25, முற்றுகையின் தொண்ணூற்றொன்பதாம் நாள். வாய்சின் என்னும் உயர்தர உணவுவிடுதி தந்த விருந்துப் பட்டியலில் யானை ரசம் இருந்தது, கங்காருக் குழம்பு இருந்தது, எலிகள் சூழப் பூனை இருந்தது. பஞ்சத்தில் உண்டதை நாம் பழிக்கவில்லை. பசி வந்திடப் பத்தும் பறந்துபோகும் என்று அறிந்தவர்கள் நாம். ஆனால் அந்த விருந்து ஏழைகளுக்கு அன்று. விலை கொடுக்க வல்லவர்களுக்கு. நேற்றுவரை சீட்டு வாங்கிப் பார்த்தவர்கள், இன்று தட்டில் வாங்கி உண்டனர். குரங்குகள் மட்டும் தப்பின. அவை மனிதனுக்கு நெருங்கியவை என்ற தயக்கமே காரணம் என்று எழுதினோர் உண்டு. உறவு என்ற உணர்வு எட்டிய இடத்தோடு கத்தி நின்றது என்றால், உறவை இன்னும் சற்று எட்டச் செய்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

இன்னொரு விலங்கின் கதை இதனினும் கசப்பானது. டாஸ்மேனியப் புலி என்பார்கள். புலியும் அன்று, நாயும் அன்று, கங்காருவைப்போல் பையில் குட்டி சுமக்கும் இனம். முதுகிலே வரிகள் இருந்தமையால் புலியாயிற்று. ஆட்டைக் கொல்கிறது என்று குற்றஞ்சாட்டி, 1888 முதல் 1909 வரை டாஸ்மேனிய அரசு வளர்ந்த விலங்கின் தலைக்கு ஒரு பவுன் பரிசு கொடுத்தது. 2,184 முறை அந்தப் பரிசு வழங்கப்பட்டதாகக் கணக்கு. ஆடுகளைத் தின்றதில் நாய்களின் பங்கும் திருடரின் பங்கும் பெரிது. ஆட்டைக் கொல்லும் வலிமை அந்த விலங்கின் தாடைக்கு இருந்ததா என்றே பிற்கால ஆய்வாளர் ஐயுற்றனர். காட்டில் தலைக்கு விலை வைத்த அதே காலத்தில் லண்டன் விலங்குச்சாலை 1850 முதல் அதனைக் காட்சிக்கு வைத்தது. அங்கே கடைசி விலங்கு இறந்தது 1931இல். உலகிலேயே கடைசி என்று அறியப்பட்டது 1936 செப்டம்பர் 7ஆம் நாள் ஹோபார்ட் நகர விலங்குச்சாலையில் இறந்தது. அந்த இனத்தைக் காக்கச் சட்டம் வந்தது எப்போது தெரியுமா? அதற்கு 59 நாள் முன்பு!

கதை அங்கும் முடியவில்லை. அதன் தோலும் எலும்பும் காணாமற்போயின என்றே பல ஆண்டுகள் நம்பினர். 2022இல் ஹோபார்ட் அருங்காட்சியகத்தின் அலமாரியிலேயே அவை இருப்பதாக அறிவித்தனர். அதற்குமுன் அந்தத் தோல் என்ன செய்துகொண்டிருந்தது? பள்ளி பள்ளியாகச் சென்று பாடம் நடத்திக்கொண்டிருந்தது! இதுவே கடைசி உயிரின் தோல் என்று அறியாமலே ஆசிரியர்கள் அதை விரித்துக் காட்டினர். மாணவர்கள் கண்டு வியந்தனர். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு இதைப் படித்த இரவு உறக்கம் வரவில்லை. கல்வி நடந்தது, உண்மைதான். என்ன கல்வி?

எதிர்த்தரப்பு வாதத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். இல்லையேல் பகுத்தறிவு என்ற சொல்லை நாம் உச்சரிக்கக்கூடாது. கூண்டு காப்பாற்றிய உயிர்களும் உண்டு. சீனத்தில் அடியோடு அழிந்த தாவீது மான், ஐரோப்பாவின் வேலிகளுக்குள் வாழ்ந்ததால்தான் 1985இல் தாயகம் திரும்ப முடிந்தது. அண்ணாவின் பெயர் தாங்கி 1985இல் திறக்கப்பட்ட வண்டலூர்ப் பூங்காவில் சிங்கவால் குரங்கு குட்டி ஈன்று பெருகியிருக்கிறது. சிறுகூண்டுகளை உடைத்து அகன்ற வெளி அமைக்கும் மாற்றம் திருவனந்தபுரத்திலும் நடந்திருக்கிறது. இவற்றையெல்லாம் மறைத்துப் பேசுவது மேடைக்கு இனிக்கும், உண்மைக்கு உதவாது. ஆனால் அந்த மானைக் காத்தது எது? இனம் பெருக இடம் விட்ட வேலி. மாலை நேரக் கூட்டம் எறிந்த கடலை அன்று.

'ஆஸ்திரேலிய விலங்குகளைக் கண்டதால்தானே அறிவியல் வளர்ந்தது?' என்றும் கேட்பர். ஆம், வளர்ந்தது. பிளாட்டிபஸின் தோல் இங்கிலாந்து சென்றபோது, வாத்தின் அலகை எவனோ தைத்து ஏமாற்றுகிறான் என்று ஐயுற்று 1799இல் ஜார்ஜ் ஷா தையலைத் தேடினார். தையல் இல்லை. முட்டையிடும் பாலூட்டி என்ற உண்மை பின்னர் வந்து பழைய வகுப்புப் பிரிவுகளைக் குலைத்தது. டார்வின் 1836 சனவரியில் நீலமலைக்கு அப்பால் ஓர் ஓடையில் பிளாட்டிபஸ்கள் விளையாடுவதைக் கண்டார். இந்த உயிர்கள் இவ்வளவு வேறாக இருக்கின்றனவே, படைத்தவர் இருவர் இருந்திருப்பாரோ என்று ஒரு நம்பிக்கையற்றவன் கேட்கக்கூடும் எனத் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். பழைய நம்பிக்கையின் சுவரில் விழுந்த வெடிப்புகளுள் அதுவும் ஒன்று. அந்த அறிவு கூண்டருகே கிடைக்கவில்லை; ஓடையருகே கிடைத்தது. உடன் வந்தவர் ஒன்றைச் சுட்டுக் கொன்றார் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது.

கூண்டு ஆசை எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு 1943 சாட்சி. உலகப் போரின் நடுவே, தமக்குப் பிளாட்டிபஸ் வேண்டும் என்று பிரதமர் சர்ச்சில் கேட்டார். அவர் பெயரான வின்ஸ்டன் என்பதையே சூட்டி ஒன்றைக் கப்பலேற்றினர். உண்ண மண்புழுவும் உடன் சென்றது. கரை சேரச் சில நாள் இருக்கையில் அது இறந்தது. அதே 1943இல் வங்காளத்தில் மக்கள் சோறின்றி மடிந்துகொண்டிருந்தனர் என்பதை இங்கே நினைவூட்டுவது பொருந்தாத பேச்சாகத் தோன்றினால், பொறுத்தருள்க.

வெள்ளையனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு நாம் நழுவ முடியாது. ஆஸ்திரேலியாவின் ஈமு நம் கொங்கு மண்ணுக்கும் வந்தது. பெருந்துறை வட்டாரத்தில் 'பணம் போடு, பறவை வளர், மாதம் தவறாமல் வருமானம்' என்று விளம்பரம். 2012இல் அந்த நிறுவனங்கள் சரிந்தன. முதலிட்ட உழவர்கள் காவல் நிலைய வாயிலில் நின்றனர். பறவைகளோ தீனியின்றிக் கொட்டடியில் விழுந்தன. அரசு தீனி கொடுக்க வேண்டியதாயிற்று. ஏமாந்த உழவருக்கு வழக்கு மன்றம் உண்டு. ஏழு கடல் தாண்டிய இனத்தில் பிறந்து, யாருடைய பேராசைக்கோ பசித்துச் செத்த பறவைக்கு எந்த மன்றம்?

இத்தனையும் எண்ணியபின், கையொப்பமிடாத தாளோடு வகுப்புக்குச் சென்றோம். மேற்சொன்ன கதைகளைச் சொன்னோம். பின், தேரூர்க் குளத்தைப் பற்றியும் சொன்னோம். நம் ஊருக்கு அருகே, சுசீந்திரத்தை ஒட்டிய அந்த நீர்நிலைகள் 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றவை. பனிக்காலத்தில் தொலைநாட்டுப் பறவைகள் யார் அழைப்பும் இன்றி வருகின்றன. யார் அனுமதியும் இன்றித் திரும்புகின்றன. சில நாள் வருவதும் இல்லை. பார்க்கப் போனவன் வெறும் நீரைப் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான். அங்கே போகலாமா என்று கேட்டோம்.

"அது நம்ம குளம்தானே சார், அதுக்கு எதுக்கு பஸ்?" என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது, நாமும் சிரித்தோம். புலியைப் பார்த்ததே இல்லை என்று ஒரு சிறுமி சொன்னபோது நம்மிடம் விடை இல்லை. அவள் வீட்டில் இதைவிட்டால் வேறு சுற்றுலா கிடையாது என்பது நமக்குத் தெரியும். கங்காருவின் உரிமை பேச வந்த வாய், அவள் ஆசையை மறுக்க எழவில்லை.

வாக்கெடுப்பு நடத்தினோம். தேரூருக்கு இருபத்தேழு பேர், திருவனந்தபுரத்திற்குப் பதினொருவர். பெரும்பான்மை கிடைத்துவிட்டது என்று தாளைக் கிழித்திருக்கலாம், கிழிக்கவில்லை. அந்தப் பதினொருவரையும் தத்தம் காரணத்தை ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லியிருக்கிறோம். திங்கட்கிழமை படிக்க வேண்டும்.