பிரித்த பிறகு

ராஜபாளையத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த அண்ணன் எனக்குத் தூரத்துச் சொந்தம். கடையை மூடும்போது, "ஆன் ஆகவே மாட்டேங்குது, கொண்டுபோய்ப் பிரிச்சுக் கத்துக்கோ தம்பி" என்று ஓர் ஆல் இன் ஒன் கம்ப்யூட்டரைத் தூக்கிக் கொடுத்தார். பழைய வேட்டியில் சுற்றி, டிவிஎஸ் எக்ஸெல்லில் முன்னால் நிறுத்தி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓட்டி வந்தேன். சூடிக் கொடுத்தவளின் ஊரில் செகண்ட் ஹாண்டுக்கு என்ன கூச்சம்?

பிரிப்பதுதான் பெரும்பாடு. சாதா சிபியூ என்றால் பின்னால் இரண்டு ஸ்க்ரூ, கழற்றினால் எல்லாம் தெரியும். இதில் ஸ்க்ரூவே கண்ணில் படவில்லை. திரைதான் மூடி, சுற்றிலும் பசை நாடா. ஆப்பிளின் அலுமினிய ஐமேக்கில்கூட 2011 வரை முன் கண்ணாடியைக் காந்தம்தான் பிடித்திருந்தது. ரப்பர் உறிஞ்சியை ஒட்டி இழுத்தால் வந்துவிடும். 2012இல் ஓரத்தை 5 மில்லிமீட்டராக மெலித்தபோது பசைக்கு மாறினார்கள். அந்த ஒல்லியைப் பார்த்துக் கைதட்டியவர்களில் நானும் ஒருவன். காசு கொடுத்து வாங்கியதைத் திறந்து பார்க்கவே பயமென்றால் அது யாருடைய பொருள்? இந்தக் கோபத்தோடுதான் ஹேர் டிரையரை எடுத்தேன்.

பிளக்கைப் பிடுங்கி ஒரு நாள் முழுக்கச் சும்மா போட்டிருந்தேன், கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கும் என்பதால். சூடு காட்டி, காலாவதியான ஏடிஎம் கார்டை ஓரத்தில் நுழைத்து, இஞ்ச் இஞ்சாக நகர்த்தினேன். கீழ் மூலையில் 'டப்' என்றது. கண்ணாடியில் மயிரிழை விரிசல் ஓடிவிட்டது. அவ்வளவுதான், இனி அது திரை இல்லை.

உள்ளே பவர் சப்ளை போர்டில் ஒரு கெப்பாசிட்டர் உப்பியிருந்தது. ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. என் லேப்டாப்பில் மாட்டினேன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு வீடு. ஆறு வருஷத்து ராஜபாளையம்.

1984இல் வந்த முதல் மெக்கின்டாஷைச் சாதாரண ஸ்க்ரூடிரைவரால் திறக்க முடியாது. ஆனால் அதன் உள்பக்கத்தில், அதை உருவாக்கியவர்களின் கையெழுத்துகளைப் பதித்திருந்தார்கள். என் பெட்டிக்குள்ளும் மனிதர்கள் இருந்தார்கள். இவர்கள் கையெழுத்துப் போட்டு வந்தவர்கள் இல்லை.

இரண்டு ஃபோல்டர் பார்த்ததும் மூடிவிட்டேன். திறக்க எனக்கு உரிமை உண்டு என்று கத்திக்கொண்டிருந்தவனுக்கு, திறந்ததைப் பார்க்க உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, காசு கொடுத்துப் படமெடுக்கச் சொன்னவரையே முதல் உரிமையாளர் என்கிறது. அப்படியென்றால் டிஸ்க் மட்டும்தான் அண்ணனுடையது.

"யாரும் கேட்டு வரமாட்டாங்க, அழிச்சிரு" என்றார் அவர். எனக்குக் கை வரவில்லை. நம் ஊர்களில் ஒருவர் இறந்தால் முதல் ஓட்டம் ஸ்டூடியோவுக்குத்தான். ஏதாவது கல்யாண குரூப் போட்டோவிலிருந்து அந்த முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கித் தரச் சொல்வார்கள். இப்போது ஸ்டூடியோ இல்லை. ஓடி வருகிறவர்கள் எங்கே போவார்கள்?

பில் புக்கை வாங்கி நம்பர்களுக்குப் போன் போட ஆரம்பித்தேன். பாதி நம்பர் உயிரோடு இல்லை. நாலு குடும்பம் பென் டிரைவோடு வந்தது, ஒருவர் அரைக் கிலோ பால்கோவா கொடுத்துவிட்டுப் போனார். ஐந்தாவதாக ஒரு பெண் வந்தார். கையில் பென் டிரைவ் இல்லை.

"அது முடிஞ்சு போன கல்யாணம் தம்பி. என் கண்ணு முன்னாடி அழிங்க."

பில் அவருடைய அப்பா பெயரில்தான் இருந்தது. ஆனால் படங்களில் மாப்பிள்ளை வீட்டாரும் இருக்கிறார்களே. அவர்களிடம் கேட்க வேண்டாமா? வாய்வரை வந்தது, கேட்கவில்லை. அழித்தேன். அந்த ஃபோல்டரின் சின்னப் படங்களுக்கு நடுவே, மாப்பிள்ளை வீட்டுப் பாட்டி ஒருத்தி பந்தியில் தனியாக உட்கார்ந்து பாயாசம் குடிக்கிற படம் இருந்தது. அவருடையது அது ஒன்றுதான். அதுவும் சேர்ந்தே போனது.