சபூர் யாருக்கு?

உள்ளம் களைத்துப் போவது ஈமானின் குறைவினாலா? மஸ்அலா கேட்க வருகிறவர்கள் இந்தக் கேள்வியைப் பல உருவங்களில் நம்மிடம் கேட்கிறார்கள். "தக்பீர் கட்டினால் கடன்காரன் முகந்தான் முன்னால் வருகிறது, ஹஜ்ரத்" என்பார் ஒருவர். "பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன், பிறகு நானே அழுகிறேன், இது பாவமா?" என்று திரைக்கு அப்பாலிருந்து ஒரு தாய் கேட்பார்.

கவலை வருவதே ஈமானின் பலவீனம் என்றிருந்தால், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கவலையையும் துக்கத்தையும் விட்டு அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடி அடிக்கடி துஆச் செய்திருக்க வேண்டியதில்லை. அதே துஆவில் இயலாமை, சோம்பல், கோழைத்தனம், உலோபம், கடனின் பளு, மனிதரின் அடக்குமுறை ஆகியவற்றையும் சேர்த்தே சொல்வார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீது புகாரியில் இருக்கிறது. மனத்தின் பாரமும் கடனின் பாரமும் ஒரே துஆவில் இடம் பெற்றிருப்பதைக் கவனியுங்கள். ஆகவே இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நமக்குக் கவலை தருவது வேறொன்று. யார் களைத்து வந்தாலும் "சபூர் செய்யுங்கள்" என்று ஒரு வார்த்தையில் முடித்து விடுகிறோம். சபூர் பெரும் பாக்கியந்தான். ஆனால் தன் துன்பத்தில் தான் சபூர் செய்வது வேறு. பாரத்தை மற்றவர் தலையில் வைத்துவிட்டு அவரைப் பார்த்துச் சபூர் செய்யச் சொல்வது வேறு.

தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்தில் பீடி சுற்றும் வீடுகளைப் பாருங்கள். (பீடியைப் பற்றிய மார்க்கச் சட்டத்தை இங்கே பேச வரவில்லை, அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.) ஸுபுஹு தொழுதவுடன் ஊறிய இலையை எடுத்து வெட்ட உட்கார்ந்தால், நடுவே சமையல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புதல், மாமியாருக்கு மருந்து, திரும்பவும் தட்டு மடிக்கு வந்துவிடும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கடையில் கொண்டு போய்க் கொடுக்கும்போது சரியில்லை என்று கழித்துத் தள்ளுவது போக மிச்சத்துக்குத்தான் கணக்கு. 1966-ஆம் ஆண்டில் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், தொழிற்கூடத்தில் நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கும் வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கும் மேல் வேலை வாங்கக் கூடாது என்றது. நல்லதுதான். ஆனால் வீடே தொழிற்கூடமாகிவிட்ட பெண்ணுக்கு எந்த மணி அடித்து வேலை முடியும்? உத்தியோகத்துக்குப் போகிறவர் வாசலைத் தாண்டினால் வேலையை விட்டு வந்ததாக ஆகும். இவளுக்குத் தாண்ட வாசலே இல்லை.

ஃபாத்திமா நாயகி (ரலி) அவர்களின் சரித்திரத்தை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். திரிகை இழுத்து இழுத்து அவர்களுடைய கரங்கள் காய்த்துப் போயிருந்தன. உதவிக்கு ஓர் ஆள் கேட்டுத் தந்தையாரிடம் சென்றார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அப்போது வீட்டில் இல்லை. செய்தியை ஆயிஷா (ரலி) அவர்களிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். அன்றிரவு, மகளும் மருமகனும் படுத்துவிட்ட பிறகு, நாயகம் (ஸல்) அவர்களே தேடி வந்தார்கள். எழ முயன்றவர்களை எழ வேண்டாமென்று சொல்லி, இருவருக்கும் நடுவில் அமர்ந்தார்கள். படுக்கைக்குப் போகும்போது ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 ஓதிவரும்படியும், கேட்ட பணியாளைவிட அது மேலானது என்றும் கற்றுக் கொடுத்தார்கள்.

இந்த ஹதீதை நம் ஆண்கள் நன்றாக அறிவார்கள். மனைவி வேலைப் பளுவைப் பற்றி வாய் திறந்தால் "தஸ்பீஹ் ஓது" என்று சொல்வதற்குப் பயன்படுத்துகிறார்கள்! அவர்கள் கவனிக்காத சங்கதிகள் இதில் இருக்கின்றன. மனைவியின் கரம் காய்த்திருந்ததை எடுத்துச் சொல்பவர்கள் கணவரான அலீ (ரலி) அவர்கள். நம்மில் எத்தனை பேர் மனைவியின் விரல் நுனியைப் பார்த்திருக்கிறோம்? அடுத்து, தஸ்பீஹ் கற்றுக் கொடுக்கப்பட்டது இருவருக்கும். ஸிஃப்பீன் போர் நடந்த இரவில்கூட அதை விடவில்லை என்று அலீ (ரலி) அவர்கள் பிற்காலத்தில் சொன்னார்கள். மகளின் குறையைக் கேட்டவர்கள் ஆளனுப்பிப் பதில் சொல்லவில்லை, இரவென்றும் பாராமல் நேரில் வந்தார்கள். அப்படி வந்து உட்கார்ந்து சொன்ன சொல்லுக்கும், கைபேசியைப் பார்த்துக்கொண்டே நாம் சொல்லும் "சபூர்" என்ற சொல்லுக்கும் எவ்வளவு தூரம்!

இனி, தென்காசியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் குற்றாலத்துக்கு வருவோம். ஆனி, ஆடியில் சாரல் விழுந்ததும் எங்கெங்கிருந்தோ வாகனங்கள் வருகின்றன. ஊரார் களைப்பாறும் அந்த இடந்தான், சீசனுக்குக் கடை போடும் நம்மவர்களுக்கு இராத் தூக்கம் கெடும் இடம். பேரருவியின் தண்ணீர் மலையுச்சியிலிருந்து நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்னும் பாறைக் குழியில் விழுந்து, வேகம் தணிந்து, பிறகே கீழே இறங்குகிறது. அதனால்தான் மனிதன் அதன் கீழ் நிற்க முடிகிறது. ஐந்து வக்துத் தொழுகையை நாம் இப்படித்தான் எண்ணிப் பார்ப்பதுண்டு. நாளின் வேகம் ஐந்து இடங்களில் தணிக்கப்படுகிறது. ஆனால் மஸ்ஜிதுக்குப் போகும் ஆணுக்கு இந்த இடைவெளி தானாகக் கிடைக்கிறது. அடுப்பில் உலையும் மடியில் தட்டுமாக இருப்பவளுக்கு, பிள்ளையை யாராவது வாங்கிக் கொண்டால்தான் நிம்மதியாக ஒரு ஸஜ்தா.

பேரருவியில் பெண்களுக்கென்று தனியிடம் பிரித்திருக்கிறார்கள். கடைசியாக அருவியில் குளித்து எத்தனை வருடமாயிற்று என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். நண்பர்களோடு இரவில் போய்க் குளித்துவரும் கணவருக்கு அந்தப் பதில் தெரிந்திருக்க வேண்டும். இதெல்லாம் வீண் கேளிக்கை என்று சில பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு பிரயாணத்தில் கூட வந்தவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். முதலில் ஆயிஷா நாயகி ஜெயித்தார்கள். பின்னொரு காலத்தில் நாயகம் ஜெயித்து, அதற்கு இது சரியாயிற்று என்றார்கள். பேணுதலும் உல்லாசமும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

"நாங்களும்தானே மாடாக உழைக்கிறோம்?" என்று கடைக்காரரும் வளைகுடாவில் இருக்கும் சகோதரரும் கேட்பது நியாயமே. யாருக்காக உழைக்கிறோமோ அவர்களுடைய ஹக்கை அந்த உழைப்பே விழுங்கிவிடலாமா என்பதுதான் கேள்வி. ஸல்மான் (ரலி) அவர்கள் அபூதர்தா (ரலி) அவர்களின் வீட்டுக்குப் போனபோது, முதலில் கண்டது வாடிப்போயிருந்த அவர் மனைவியைத்தான். காரணம் கேட்டார்கள். கணவர் பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை. ரப்புக்கு ஹக்கு இருப்பதுபோல உடலுக்கும் குடும்பத்துக்கும் ஹக்கு உண்டு என்று ஸல்மான் (ரலி) எடுத்துச் சொன்னதை நாயகம் (ஸல்) அவர்கள் சரியென்று ஒப்புக் கொண்டார்கள். வணக்கத்துக்கே இந்த வரம்பு என்றால் வியாபாரத்துக்கும் ஓவர்டைமுக்கும் சொல்ல வேண்டுமா? வளைகுடாவிலிருந்து பேசுகிறவர் அனுப்பிய பணத்தின் கணக்கைக் கேட்பதற்கு முன்னால், இன்று எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று கேட்கலாம்.

நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னார்கள். இலை நனைத்து வைப்பது, தண்ணீர் எடுத்துக் கொடுப்பது, கட்டிய பீடியைக் கடைக்குக் கொண்டுபோய் வரிசையில் நிற்பது, இவற்றில் எதுவும் ஆண் கைக்கு ஆகாத வேலையல்ல. அஸர் தொழுதுவிட்டு மஸ்ஜித் திண்ணையில் உட்காரும் நேரத்தில் பாதி போதும்.